உதுவான்கந்தையில் வெடித்த துவக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. தேநீரை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

போன வாரம் நமது பஸாரில் இரண்டு கடைகள் உடைக்கப்பட்டது எல்லோருக்கும் தெரியும். அன்றிரவே வட்ஸ்அப் குழுமத்தில் இரண்டு கருத்துகள் வந்தன. ஒன்று: "பொலிஸை நம்பிப் பயனில்லை, கடைக்காரர்கள் ஆளுக்கொரு துவக்கு எடுத்துவைப்போம்." மற்றது: "வேறு யார், மேல்தோட்டத்துப் பொடியன்கள்தான்." இரண்டுக்கும் நிறையப் பேர் கை உயர்த்தினார்கள். சாட்சி கேட்டவர் ஒருவருமில்லை.

திங்கட்கிழமை பத்தாம் ஆண்டு வகுப்பில் மூன்று கதிரைகள் காலியாக இருந்தன. மூவரும் லயத்துப் பிள்ளைகள். பஸார் வழியாக வரும்போது கடை வாசலில் வைத்துப் புத்தகப் பையைத் திறந்து காட்டச் சொன்னார்களாம். வெட்கத்தில் பிள்ளைகள் திரும்பிப் போய்விட்டார்கள். சரித்திரம் படிப்பிக்கும் நாங்கள் அன்று பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, மற்றப் பிள்ளைகளுக்கு நமது சொந்த மாவட்டத்தின் கதையைச் சொன்னோம். அதையே இங்கும் எழுதுகிறோம்.

கண்டி வீதியில் மாவனல்லையைத் தாண்டும்போது தெரியும் மலை உதுவான்கந்தை. 1860களில் கண்டிக்கு ரயில் இல்லை, அது 1867இல்தான் வந்தது. கோப்பி மூட்டைகள் மாட்டு வண்டியில் இந்த வீதியால்தான் கொழும்புக்குப் போயின. அந்த வண்டிகளையும் பணக்காரர்களின் வீடுகளையும் கொள்ளையடித்தவன் சரதியல். அவனைப் பிடிக்க வெள்ளைக்காரன் பட்ட பாட்டை நமது மூத்தம்மாமார் கதையாகச் சொல்வார்கள். ஏழைக்குக் கொடுத்த நல்லவன் என்பார்கள் சிலர், கொலைகாரன் என்பார்கள் சிலர். இரண்டு பேச்சும் இன்றுவரை தீரவில்லை.

நமக்குத் தேவையானது கதையின் கடைசிப் பகுதி. 1864 மார்ச் 21ஆம் திகதி கேகாலை உதவி அரசாங்க அதிபர் சாண்டர்ஸ் பட்டாளத்துடனும் பொலிஸாருடனும் மாவனல்லையில் சரதியல் இருந்த வீட்டை வளைத்தார். துவக்குச் சூடு நடந்தது. பொலிஸ் கான்ஸ்டபிள் துவான் சபான் அந்த இடத்தில் உயிரிழந்தார். இலங்கையில் கடமையின்போது உயிர்கொடுத்த முதலாவது பொலிஸ்காரராக இன்றும் அவரைத்தான் நினைவுகூருகிறார்கள். ஒவ்வொரு மார்ச் 21இலும் பொலிஸ் வீரர்கள் தினம் நடப்பது அதனால்தான். சரதியல் காயத்துடன் பிடிபட்டான். 1864 மே 7ஆம் திகதி கண்டியில் தூக்கிலிட்டார்கள். அவனோடு சேர்த்து அவனுடைய நெருங்கிய கூட்டாளியையும் தூக்கிலிட்டார்கள். சபானைச் சுட்டது அந்தக் கூட்டாளிதான். பெயர் மம்மலி மரிக்கார்.

இந்த இடத்தில் வகுப்பு அமைதியாகிவிட்டது. சுட்டவரும் முஸ்லிம், சுடப்பட்டவரும் முஸ்லிம். ஒருவர் சோனகர், மற்றவர் மலாயர். கொள்ளைக் கூட்டத்தின் தலைவன் சிங்களவன். "அப்ப சேர், முஸ்லிம் ஆக்கள் கள்ளனா, பொலிஸா?" என்று பின்வரிசையில் ஒரு பிள்ளை கேட்டது. அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. கேள்வியே பிழை என்பதுதான் பாடம். மம்மலி மரிக்காரை வைத்து ஒரு சமூகத்தை எடைபோட்டால், அதே நாளில் அதே இடத்தில் விழுந்த சபானை எந்தத் தட்டில் வைப்பது?

வெள்ளைக்காரனுக்கு இந்தச் சந்தேகமெல்லாம் இருக்கவில்லை. அவனிடம் ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு முத்திரை இருந்தது. சிங்களவன் என்றால் சட்டென்று கத்தி எடுப்பவன், நீதிமன்றத்தில் பொய்ச்சாட்சி சொல்பவன். மலாயர் என்றால் பட்டாளத்துக்கும் பொலிஸுக்கும் பிறந்தவர்கள். சோனகன் என்றால் காசிலேயே கண். தோட்டத்துத் தமிழன் என்றால் கங்காணி இல்லாமல் ஒழுங்காக இருக்கமாட்டான். கோப்பித் தோட்டங்களில் களவு போனபோது, துரைமாரின் சந்தேகம் முதலில் போனது பக்கத்துக் கிராமத்தவர் மீதும் சில்லறைக் கடைக்காரர் மீதும்தான். 1870களில் கோப்பித் திருட்டுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். இன்று நாம் கடை வாசலில் நின்று லயத்துப் பிள்ளையின் பையைத் திறக்கச் சொல்கிறோம். அன்று அந்த இடத்தில் நின்றவர் நமது பூட்டனாராகவும் இருந்திருக்கலாம்.

அடுத்தது 1915. மே மாத வெசாக் காலத்தில் கண்டியில் தொடங்கிய கலவரம் சில நாட்களில் கேகாலைப் பக்கமும் பரவியது. அரசாங்கக் கணக்கின்படி கலகக்காரர்களால் கொல்லப்பட்டவர்கள் 25 பேர். எரிக்கப்பட்ட பள்ளிவாசல்கள் 17, சேதமானவை 86. நாலாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. அது நமது மூத்தோர் பட்ட அடி, அதை மறக்கச் சொல்லவில்லை.

ஆனால் அடுத்து நடந்ததையும் சேர்த்துத்தான் படிக்கவேண்டும். ஜூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டம் வந்தது. இது கலவரமல்ல, சிங்களவரின் அரச துரோகம் என்று ஆளுநர் சால்மர்ஸின் நிர்வாகம் முடிவுகட்டிக்கொண்டது. பஞ்சாபிப் பட்டாளம் மட்டுமல்ல, தோட்டத்து வெள்ளைக்காரர்களும் தொண்டர் படையினராகத் துவக்குடன் இறங்கினார்கள். பட்டாளமும் பொலிஸும் சுட்டுக் கொன்றவர்கள் 63 பேர் என்று அரசாங்கமே சொன்னது. கலகக்காரர் கொன்றதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். நகரக் காவல் படையில் அதிகாரியாக இருந்த ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞர் ஜூலை 7ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். பிற்காலத்தில் நாட்டின் முதல் பிரதமரான டி. எஸ். சேனாநாயக்கவும் அப்போது சிறையில் இருந்தார். ஒரு முழுச் சமூகத்தையும் குற்றவாளியாக்கி, பயத்தில் இருப்பவர் கையில் துவக்கையும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நமது நாட்டிலேயே உள்ள பாடம் இது.

அந்தக் கலவரத்துக்கு அடுத்த ஆண்டில்தான் 1916ஆம் ஆண்டு 33ஆம் இலக்கத் துவக்குக் கட்டளைச் சட்டம் வந்தது. திருத்தங்களோடு இன்றும் அதுதான் நடைமுறையில் உள்ளது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருக்கக்கூடாது. வருடா வருடம் அதைப் புதுப்பிக்கவேண்டும். காட்டுப்பன்றிக்கென்று வேலியோரம் கட்டும் கட்டுத்துவக்கும் சட்டவிரோதம்தான். அதற்குப் பன்றியும் ஒன்றுதான், விறகு பொறுக்கப் போகும் தோட்டத்துப் பெண்ணும் ஒன்றுதான்.

"சட்டப்படி லைசன் எடுத்து வைத்தால் என்ன?" என்று கேட்பீர்கள். 1971 ஏப்ரலைக் கேட்டுப் பாருங்கள். ஜே.வி.பி. கிளர்ச்சி பலமாக இருந்த மாவட்டங்களில் ஒன்று நமது கேகாலை. அந்த இளைஞர்கள் ஆயுதத்துக்கு எங்கே போனார்கள்? கிராமத்து வீடுகளுக்கு. தோட்டத்தைக் காக்கவென்று லைசன் எடுத்து வைத்திருந்த ஷொட்கன்களை வீடு வீடாகப் போய் எடுத்தார்கள். கள்ளனைத் தடுக்கும் என்று வாங்கிய பொருளே ஆயுதக்காரனை வாசலுக்கு அழைத்து வந்தது.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் மனிதர்களைவிடத் துவக்குகள் அதிகம். அங்கே துவக்கால் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கள்ளனால் அல்ல, தம் கையாலேயே சாகிறார்கள். இது நமக்கு விளங்காத விடயமல்ல. 1990களின் நடுவில் தற்கொலை வீதத்தில் உலகின் முன்வரிசையில் இருந்த நாடு இலங்கை. அப்போது எத்தனை லயத்து வீடுகளில், எத்தனை கிராமத்து வீடுகளில் மருந்துப் போத்தல் மூலையில் இருந்தது! 1995இலிருந்து கொடிய பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தார்கள். வறுமை போகவில்லை, குடும்பச் சண்டை நிற்கவில்லை. ஆனாலும் சுமார் இருபது வருடத்துக்குள் தற்கொலை வீதம் பெருமளவு குறைந்தது. கோபமும் துக்கமும் வந்த அந்த அரைமணி நேரத்தில் கைக்கெட்டிய தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கிறது. மருந்துப் போத்தலை வெளியே எடுத்த வீட்டுக்குள் துவக்கைக் கொண்டுவருவதா?

கடைசியாக, நமது காலத்துக் கதை. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்களை அடித்து விரட்டினார்கள். வடக்கில் யார் என்ன செய்தார்கள் என்றே தெரியாமல் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். 2018 டிசம்பரில் மாவனல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. அந்த விசாரணைக்கு உதவிய ஒரு முஸ்லிம் சகோதரரை 2019 மார்ச்சில், அதே மாவனல்லையில், அவரது வீட்டுக்குள் வந்து சுட்டார்கள். உயிர் தப்பினார், உடல் பழையபடி இயங்கவில்லை. சபான் விழுந்து 155 வருடம் கழித்து, அதே மார்ச் மாதம், அதே ஊர். இம்முறையும் சுட்டவரும் முஸ்லிம், சுடப்பட்டவரும் முஸ்லிம்.

அடுத்த மாதம் ஈஸ்டர் ஞாயிறு. அதன்பின் நமது வீடுகளில் சமையல் கத்தியைக்கூட எண்ணிப் பார்த்தார்கள். பஸ்ஸில் நமது பையைத் திறக்கச் சொன்னார்கள். உம்மாமார் வெளியே போகப் பயந்தார்கள். குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கப் போய்ச் சூடுபட்டவனும் நமது ஆள்தான் என்று யாரிடமாவது சொன்னால், அவர்கள் காதில் ஏறவே இல்லை. அப்போது நாம் பட்ட அந்த வலி மறந்துபோய்விட்டதா? ஊகத்தைப் பற்றி ஸூரா ஹுஜுராத் என்ன எச்சரிக்கிறது என்று ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்?

கடை உடைந்தவர்களின் நட்டம் சிறியதல்ல. இரண்டு கடைக்காரரும் நமக்குத் தெரிந்தவர்கள், கடன்பட்டுச் சாமான் போட்டவர்கள். அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும். அதற்குச் செய்யக்கூடியவை உண்டு. பஸாரின் இரு முனையிலும் எரியாமல் கிடக்கும் வீதி விளக்குகளைப் பிரதேச சபைக்கு எழுதிச் சரிசெய்விக்கலாம். கடைக்காரர் முறைவைத்து இரவில் இருவர் இருவராக விழித்திருக்கலாம். தோட்டத்து இளைஞர்களையும் அதில் சேர்க்கலாம், அவர்களுக்கு இந்தப் பாதையெல்லாம் நம்மைவிட நன்றாகத் தெரியும். சந்தேகம் இருந்தால் பெயரோடு பொலிஸில் முறைப்பாடு கொடுங்கள். வட்ஸ்அப்பில் ஒரு தோட்டத்தையே குற்றவாளியாக்காதீர்கள். அந்தச் செய்தியைப் போட்டவர் யாரென்று நமக்குத் தெரியும், நல்ல மனிதர். அவரே அதை அழித்துவிட்டால் நாங்கள் சந்தோஷப்படுவோம்.

அந்த மூன்று பிள்ளைகளில் ஒருவர் வரும் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் ஏ எடுப்பார் என்று நாங்கள் நம்பியிருக்கும் பிள்ளை. இப்படி ஒரு மாதம் வராமல் இருந்தால் பிறகு அந்தப் பிள்ளை வரப்போவது பள்ளிக்கூடத்துக்கல்ல, கொழும்பில் ஏதாவது ஒரு கடைக்கு வேலைக்கு.

ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு ஆசிரியர்கள் நாங்கள் நாலு பேர் மேல்தோட்டத்து லயத்துக்குப் போய்ப் பெற்றோரைச் சந்திக்கிறோம். பஸாரிலிருந்தும் யாராவது எங்களோடு வந்தால் நல்லது. குறிப்பாக, பையைத் திறக்கச் சொன்னவர். திட்ட மாட்டோம், இன்ஷா அல்லாஹ். கூட வந்து, "நாளைக்குப் பிள்ளையை அனுப்புங்கோ" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பள்ளிக்கூட வாசலில் நாலு மணிக்கு நிற்போம்.