குறைநிரல் மென்பொருளும் சிறுவணிகர் கணக்கும்

நிரல் எழுதும் பயிற்சி இல்லாதவரும் தம் தொழிலுக்கு வேண்டிய செயலியைத் தாமே அமைத்துக்கொள்ள உதவும் கருவிகள் குறைநிரல் மென்பொருள்கள் எனப்படுகின்றன. லோ-கோட் என்னும் ஆங்கிலப் பெயரை 2014ஆம் ஆண்டில் பாரஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. அந்தப் பெயர் வருவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, சென்னையில் பொறியாளர்களை வைத்து இயங்கிய ஒரு நிறுவனம் அத்தகைய கருவி ஒன்றை வெளியிட்டிருந்தது.

கணினிக்கு முன்

கணக்கு ஏட்டின் அமைப்பை முடிவு செய்யும் உரிமை நெடுங்காலம் வணிகரிடமே இருந்தது. பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளில் கடை வைத்திருந்த நகரத்தார் பேரேடும் ஐந்தொகையும் கொண்டு கடல் கடந்த வரவு செலவுகளைக் கட்டி ஆண்டனர். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த சிறுவன் அடுத்தாளாக உயர்வதற்குள் கணக்கு முழுவதும் அவனுக்குப் பாடமாகிவிடும். இதற்கெனத் தனிப் பள்ளி எதுவும் இல்லை, கடையே பள்ளி.

செஞ்சிக்கும் வந்தவாசிக்கும் இடையே, மகேந்திரவர்மப் பல்லவனின் குடைவரைக் கோயில் உள்ள சீயமங்கலம் பகுதியில் நெல் வாங்கி விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய நோட்டில் தேதி, விவசாயி பெயர், நெல் ரகம், மூட்டை, விலை என்று ஐந்து கட்டங்கள் இருக்கும். ஈரப்பதத்தையும் எழுதிவைக்க வேண்டும் என்று ஒருநாள் தோன்றினால், அடிக்கோலை வைத்து இன்னொரு கோடு இழுத்துக்கொள்வார். அதற்கு எவரையும் கேட்க வேண்டியதில்லை. கணினி வந்தபோது அவர் இழந்தது இந்த ஒரு கோட்டைத்தான்.

நிரலாளரை நம்பிய காலம்

தொடக்கத்தில் கணினி வணிகருக்கு நட்பாகவே வந்தது. 1979ல் டான் பிரிக்ளின், பாப் பிராங்ஸ்டன் ஆகிய இருவர் உருவாக்கிய விசிகால்க் என்னும் விரிதாளில், ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த கூட்டல் எல்லாம் தானே மாறியது. நிரல் எழுதத் தெரியாதவர் கணினிக்கு வேலை சொன்ன முதல் பெரிய நிகழ்வு என்று இதைக் கூறலாம். ஆனால் விரிதாளில் ஆயிரக்கணக்கான வரிகளைப் பலர் சேர்ந்து கையாள்வது கடினம். தரவுத்தளம் தேவைப்பட்டது. டிபேஸ், பாக்ஸ்புரோ போன்றவை அதைத் தந்தன. கூடவே நிரலாளரையும் தேவையாக்கின. எழுதிக் கொடுத்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டால், ஒரு கட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் வழியின்றி வணிகர் விழித்தார்.

இந்திய வணிகர்களுக்கு இதில் ஒரு பெரும் விடுதலை பெங்களூரிலிருந்து வந்தது. ஷியாம் சுந்தர் கோயங்கா தம் தொழிலுக்கு ஏற்ற கணக்கு மென்பொருள் கிடைக்காமல், மகன் பரத் கோயங்காவிடம் ஒன்றை எழுதச் சொன்னார். 1986ல் பியூட்ரானிக்ஸ் என்ற பெயரில் தொடங்கிய அந்த முயற்சியே டேலி ஆயிற்று. அக்காலத்து மென்பொருள்களில் ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் எண்குறியீடு தர வேண்டும். டேலியிலோ பெயரையே எழுதினால் போதும். குமாஸ்தாக்கள் அதை விரும்பியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இருந்தாலும் டேலி கணக்கு மென்பொருளே. நெல் வணிகரின் ஈரப்பதக் கட்டம் போன்ற சொந்தத் தேவைகளுக்கு அதிலும் நிரலாளர் உதவி வேண்டியிருந்தது.

சென்னையின் பங்கு

ஸ்ரீதர் வேம்பு முதலியோர் 1996ல் தொடங்கிய அட்வென்ட்நெட் நிறுவனம், வலைப்பின்னல்களை மேலாண்மை செய்யும் மென்பொருள்களைச் செய்துவந்தது. அதுவே 2006ல் ஜோஹோ கிரியேட்டரை வெளியிட்டது. நிறுவனத்தின் பெயர் ஜோஹோ என்று மாறியது 2009ல்தான்.

இதன் முறை எளியது. முதலில் ஒரு படிவத்தை அமைக்க வேண்டும். பெயருக்கு ஒரு கட்டம், எடைக்கு ஒரு கட்டம் என்று திரையில் இழுத்து வைத்தால் போதும். பின்னணியில் தரவுத்தளம் தானே உருவாகும். நிரப்பப்பட்ட படிவங்கள் அறிக்கையாகத் தொகுக்கப்படும். மூன்றாவதாக விதிகள். மூட்டை ஒன்றுக்கு 75 கிலோ என்று சொல்லிவைத்தால், 40 மூட்டை என்று எழுதியவுடன் 30 குவிண்டால் என்று அதுவே கணக்கிடும். அரசு நெல் கொள்முதலில் பொதுவாக ஈரப்பத வரம்பு 17 விழுக்காடு. அதற்கு மேற்பட்ட வரவுகளைத் தனியே பிரித்துக் காட்டு என்றும் விதிக்கலாம். நம் வணிகர் இழந்த கோடு இங்கே திரும்பக் கிடைக்கிறது.

விதிகள் சிக்கலாகும்போது டெலூஜ் என்னும் சிறு நிரல்மொழியை நாட வேண்டும். முழுதும் நிரலற்றதாக இல்லாமல் குறைநிரல் என்று சொல்லப்படுவது இதனால்தான். கட்டங்களுக்குத் தமிழில் பெயரிடலாம். ஆனால் டெலூஜின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலம். கணக்கில் தேர்ந்த, ஆங்கிலம் பழகாத கடைக்காரர் இந்த இடத்தில் நின்றுவிடுவார். தமிழ் மண்ணில் உருவான கருவிக்கே இந்த நிலை என்பது வருத்தம் தருவது.

சென்னையின் இன்னொரு நிறுவனம் சுரேஷ் சம்பந்தம் தொடங்கிய ஆரஞ்சுஸ்கேப். விரிதாள் அறிந்தவர் செயலி செய்யலாம் என்ற எண்ணத்தில் தொடங்கி, 2012ல் கிஸ்ஃப்ளோ என்னும் கருவியை அது வெளியிட்டது. விடுப்பு, கொள்முதல் போன்றவற்றுக்கு ஒப்புதல் பெறும் படிகளை வரிசைப்படுத்துவது அதன் முதன்மைப் பயன்.

ஏடு யாரிடம் இருக்கிறது?

கைப்பேரேடு கடைப்பெட்டியில் இருந்தது. குறைநிரல் செயலி இருப்பதோ அதை வழங்கும் நிறுவனத்தின் கணினியில். இதன் விளைவைக் காட்டும் நிகழ்வு ஒன்று உண்டு. ஆப் மேக்கர் என்ற தன் குறைநிரல் கருவியை கூகுள் 2021 ஜனவரியில் மூடிவிட்டது. ஓராண்டு முன்னறிவிப்பு தரப்பட்டது. சேர்த்து வைத்த தரவுகளை எடுத்துக்கொள்ளவும் முடிந்தது. ஆனால் அதில் அமைத்த செயலிகளை அப்படியே வேறு கருவிக்கு மாற்ற வழியில்லை. படிவங்களையும் விதிகளையும் மீண்டும் முதலிலிருந்தே அமைக்க வேண்டியிருந்தது. அதே நிறுவனம் 2020ல் ஆப்ஷீட் என்ற மற்றொரு குறைநிரல் கருவியை விலைக்கு வாங்கி, இப்போது அதை வளர்த்துவருகிறது.

இத்தகைய கருவிகள் பெரும்பாலும் மாதச் சந்தா முறையில் இயங்குகின்றன. பயன்படுத்துவோர் எண்ணிக்கை கூடினால் கட்டணமும் கூடும். ஆகவே கடைக்கு ஒரு கருவியைத் தேர்ந்தெடுப்பவர், படிவம் அமைப்பது எளிதா என்பதோடு தரவை வெளியே எடுக்கும் வசதியையும் பார்த்துக்கொள்வது நல்லது. வரவுகள் விரிதாள் கோப்பாக வெளியே வந்துவிடும். ஈரப்பதம் 17ஐத் தாண்டினால் என்ன செய்ய வேண்டும் என்ற விதி அதில் இருக்காது. அதைத் தனியே ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.