வளிநிலைக் கணக்கும் மன அமைதியும்

மனக்கலக்கமும் உறக்கமின்மையும் உற்றார்க்கு மூச்சுப் பயிற்சி கூறுதல் இந்நாளில் மருத்துவர்பாலும் வழக்காயிற்று. இஃது மேனாட்டார் புதிதாகக் கண்டதெனச் சிலரும், நம் யோகநூல்கள் கூறுவது முழுதும் இதுவேயெனச் சிலரும் கூறுப. இரண்டும் ஆராயத்தக்கன.

திருமூலநாயனார் திருமந்திரத்து மூன்றாந் தந்திரத்தில், இயமம், நியமம், ஆதனம் என்னும் மூன்றன் பின்னரே பிராணாயாமத்தை வைத்து, பூரகத்திற்கு 16, கும்பகத்திற்கு 64, இரேசகத்திற்கு 32 எனக் கணக்கு வகுத்தார். ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. அப்பாட்டில் எண்களே உள. மாத்திரை என்னுஞ் சொல் இல்லை. அதனை உரைகாரர் வருவித்துக் கொண்டனர். மாத்திரையாவது கண்ணிமைப்பொழுதோ கைந்நொடிப்பொழுதோ ஆம் என்பது தொல்காப்பியர் துணிபு. அந்நொடியை ஒரு செகண்டு அளவினதாகக் கொள்ளின், ஒரு முறை வாங்கி அடக்கி விடுதற்கு 112 செகண்டு வேண்டும். புதியோர்க்கு இஃது இயலுமோ? ஆகலின், கால அளவினும் 1, 4, 2 என்னும் விகிதமே ஈண்டுக் கொள்ளத்தக்கதென்பது எம் கருத்து. வாங்குமூச்சின் இருமடங்கு விடுமூச்சு என்க.

இவ்விருமடங்கின் பயனை உடற்கூற்று நூல் விளக்கும். மூச்சு வாங்குங்கால் இதயத்துடிப்பு விரையும். விடுங்கால் வேகஸ் நரம்பின் அடக்குதலால் தணியும். மூச்சோடு நாடி இங்ஙனம் மாறுதலை ஜெர்மானியராகிய கார்ல் லுத்விக் 1847-இல் கருவியாற் பதிவு செய்தார். 2001-இல் வெளிவந்த இத்தாலிய ஆராய்ச்சியொன்று, செபமாலைச் செபமும் யோக மந்திரமும் ஓதிய 23 பேர்க்கு மூச்சு நிமிடத்திற்கு 6 அளவிற்குக் குறைந்ததெனக் காட்டிற்று. சமயம் வேறாயினும் மூச்சு ஒன்றே போலும்! 2023-இல் ஸ்டான்போர்டு ஆராய்ச்சியாளர் வெளியிட்டவாறு, நாடோறும் 5 நிமிடமாக ஒரு திங்கள் பயின்றாருள், நீள மூச்சு விட்டார்க்குத் தியானஞ் செய்தாரினும் உள்ளக்கிளர்ச்சி மிகுந்தது.

கும்பகத்தின் நிலை வேறு. அச்சநோயுடையார் சிலர்க்கு மூச்சை நெடிது அடக்குதல் அவ்வச்சத்தையே எழுப்பும். இதயநோயும் இரத்த அழுத்தமும் உடையார்க்கும் அது தக்கதன்று. ஏட்டில் எண்ணைக் கண்ட அளவில் 64 வரை அடக்க முனைவாரை யாம் கண்டிருக்கின்றோம். அஃது ஆசிரியர் அருகிருந்து படிப்படியாக ஏற்றற்குரிய எண். மருத்துவர் பெரும்பாலும் கும்பகத்தை ஒழித்து, விடுமூச்சை மட்டும் நீட்டச் சொல்லுதல் நோயாளர்க்கு ஏற்றதே. எனினும், அவர் எடுத்துக்கொண்டது எட்டுறுப்பினுள் நான்காவதன் ஒரு பகுதி. அதன் முன்னின்ற மூன்றும், பிரத்தியாகாரம் முதலாகப் பின்னின்ற நான்கும் அவர் எல்லைக்குப் புறம்பாயின.