முக்கால் குறியில் தொடங்கிய 'தமிழ்'

கணினி அளவைகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பிட், பைட், கிகாபைட் என்றதும் இது பிள்ளைகள் பாடம் என்று பெரியவர்கள் எழுந்து போக நினைக்கலாம். கொஞ்சம் உட்காருங்கள். நாம் என்ன அளவைகளோடு புழங்காதவர்களா? தோட்டத்துக் கடையில் மீனையும் காயையும் கட்டிக் கணக்கில் வாங்கிய தலைமுறை இந்த அரங்கிலேயே இருக்கிறது. 16 தாகில் ஒரு கட்டி, 100 கட்டி ஒரு பிக்குல். ஊரிலிருந்து கப்பலேறி வந்த பாட்டிமாருக்கு இன்னொரு கணக்கும் தெரியும். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி. இரட்டித்துக்கொண்டே போகிற கணக்கு அது.

கணினியும் இரட்டித்துத்தான் எண்ணுகிறது. உடனே 'அப்படியென்றால் கணினியைக் கண்டுபிடித்ததே நாம்தான்' என்று கைதட்டிவிடாதீர்கள். பாதி பாதியாகப் பிரிப்பது உலகத்தில் எந்தக் கடைக்காரருக்கும் எளிது. கணினி இரட்டிப்பதற்குக் காரணம் வேறு. ஒரு சுவிட்சுக்கு இரண்டே நிலை, எரியும் அல்லது அணையும். இரண்டு சுவிட்ச் இருந்தால் நான்கு விதமாக வைக்கலாம், மூன்று இருந்தால் எட்டு விதம். எட்டு சுவிட்ச் இருந்தால் 256 விதம். ஒரு சுவிட்சின் அளவுதான் பிட். 1948ஆம் ஆண்டு கிளாட் ஷெனன் தமது ஆய்வுக் கட்டுரையில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். சொல்லைத் தந்தவர் ஜான் டூக்கி என்றும் அதிலேயே குறிப்பிட்டார். பைட் என்ற பெயரை 1956இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் வெர்னர் புக்ஹோல்ஸ் வைத்தார். ஆங்கிலத்தில் 'ஒரு கடி' என்று பொருள்படும் சொல்லின் எழுத்தை மாற்றி, பிட்டோடு குழம்பாமல் பார்த்துக்கொண்டார். ஒரு கடிக்கு இத்தனை பிட் என்று முதலில் நிலையான கணக்கு இல்லை. ஆறு பிட்டில் ஓர் எழுத்தை வைத்த கணினிகளும் இருந்தன. 1964இல் ஐ.பி.எம். வெளியிட்ட சிஸ்டம் 360 வரிசைக்குப் பிறகே எட்டு என்பது ஊர்வழக்கம் ஆனது.

அடுத்தது கிலோபைட். இங்கேதான் கடைக்காரரும் வாங்குபவரும் இரண்டு படிகளை வைத்துக்கொண்டு அளந்தார்கள். கிலோ என்றால் 1000. ஆனால் இரட்டித்துக்கொண்டே போனால் 1024 வருகிறது. பக்கத்தில்தானே இருக்கிறது என்று கணினிக்காரர்கள் அதையே கிலோ என்றார்கள். வேடிக்கை பாருங்கள், நாம் பயன்படுத்திய 1.44 மெகாபைட் நெகிழ்வட்டில் இருந்தது 14,74,560 பைட். அது 1000ஆல் ஒரு முறையும் 1024ஆல் ஒரு முறையும் பெருக்கி வந்த கணக்கு. இரண்டு படியும் ஒரே மூட்டையில்!

அளவு பெரிதாகப் பெரிதாக இந்த இடைவெளியும் பெருகியது. 80 கிகாபைட் என்று பெட்டியில் எழுதியிருக்கும் வன்தட்டு, வீட்டுக் கணினியில் 74.5 என்று காட்டும். பெட்டாலிங் ஜெயாவில் ஆலை வைத்து வன்தட்டு செய்துவந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் மேல் இதற்காக அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். 2006இல் அது சமரசத்தில் முடிந்தது. நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. வாங்கியவர்களுக்கு ஒரு மென்பொருளை இலவசமாகக் கொடுத்தது. (அந்த ஆலையை 2019 முடிவதற்குள் மூடுவதாக 2018இல் அறிவித்தார்கள்.) 1024க்கு 'கிபி' என்று தனிப்பெயரை 1998லேயே அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையம் வைத்துவிட்டது. ஆனால் கடையில் போய் ஒரு கிபிபைட் என்று கேட்டால் நம்மை ஒருமாதிரிப் பார்ப்பார்கள்.

சரி, 74.5ஆ 80ஆ என்பது காசுக் கணக்கு. நம் மொழியைத் தொட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியம்.

ஒரு பைட்டில் 256 இடம். தமிழ் எழுத்து 247. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறதல்லவா? ஆனால் அந்த வீட்டில் ஏற்கெனவே ஆள் குடியிருந்தது. 1963இல் வந்த ஆஸ்கி முறை முதல் 128 இடங்களை ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும் குறிகளுக்கும் கொடுத்துவிட்டது. தமிழுக்கு மிச்சம் பாதி. அதனால் எழுத்தைத் துண்டு துண்டாக உடைத்து வைத்தார்கள். 'கொ' என்றால் கொம்பு தனி, ககரம் தனி, கால் தனி.

யார் எந்தத் துண்டை எந்த எண்ணில் வைப்பது? ஆளுக்கு ஒரு விதமாக வைத்தார்கள். 1980களிலேயே கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கியிருந்தார். சென்னையிலும் சிங்கப்பூரிலும் வேறு பலர். ஓர் எழுத்துருவில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் குப்பை. இதைத் தீர்க்கத்தான் 1997இல் சிங்கப்பூரிலும், 1999இல் சென்னையிலும், 2001இல் நம் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. அந்தக் காலத்துத் திஸ்கி முறையில் 'தமிழ்' என்ற சொல் நான்கு பைட். 190, 193, 162, 250. எழுத்துரு இல்லாத கணினியில் அதே நான்கு எண்ணும் எப்படித் தெரியும்? முதலில் முக்கால் என்ற பின்னக் குறி, பிறகு தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்து, நடுவில் அமெரிக்கக் காசுக் குறி. அப்படி வந்த மின்னஞ்சல்கள் பலருக்கு நினைவிருக்கும்.

இப்போது எல்லாரும் யூனிகோடில் எழுதுகிறோம். 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. குழப்பம் தீர்ந்தது, ஆனால் வாடகை கூடியது. இணையத்தில் பரவலாக வழங்கும் யூ.டி.எஃப். 8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். நான்கு பைட்டில் இருந்த 'தமிழ்' 15 பைட் ஆனது. அநியாயம் என்று சிலர் கொதித்தார்கள். எனக்கு அவ்வளவு கோபமில்லை. திருக்குறள் முழுவதும் 9,310 சொல். சொல்லுக்கு ஏழு குறி என்று வைத்தாலும் மொத்தம் இரண்டு லட்சம் பைட்டுக்குள் அடங்கும். பழைய நெகிழ்வட்டிலேயே ஏழு திருக்குறள் வைக்கலாம்.

வலித்த இடம் குறுஞ்செய்தி. ஒரு குறுஞ்செய்திக்கு 140 பைட்தான். ஆங்கிலம் ஏழு பிட்டில் அடங்குவதால் 160 எழுத்து போகும். தமிழில் குறிக்கு இரண்டு பைட், ஆக 70 குறிதான். 'வணக்கம்' என்று எழுதுங்கள். வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என ஏழு குறி. செய்தியில் பத்தில் ஒரு பங்கு வணக்கத்திலேயே தீர்ந்துவிட்டது! ஆங்கில எழுத்தில் அதே வணக்கம் இருபதில் ஒரு பங்கு. செய்தி நீண்டால் இரண்டாகப் பிரியும், காசும் இரண்டு செய்திக்கு. பல கைப்பேசிகளில் தமிழ் எழுத்தே இல்லை. முத்து நெடுமாறனின் செல்லினம் சிங்கப்பூரில் 2005 ஜனவரியில்தான் வெளிவந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள் என்று இளையோரை மேடைதோறும் திட்டினோமே, அவர்கள் கையில் இருந்த அளவுக்கோப்பை எவ்வளவு சிறியது என்று நம்மில் எத்தனை பேர் பார்த்தோம்? மொழிப்பற்றின்மை மட்டும் காரணம் என்பதை நான் ஏற்கமாட்டேன். இன்று புலனத்தில் அந்த 140 பைட் எல்லை கிடையாது. இன்னும் அப்படியே எழுதுகிறவர்களை வேண்டுமானால் கேளுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் சங்கம், கோயில், தமிழ்ப்பள்ளி நடத்துகிறவர்கள் தங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள். ஆண்டு மலர், கூட்டக் குறிப்பு, பழைய உறுப்பினர் பட்டியல் என்று யூனிகோடுக்கு முந்திய நெகிழ்வட்டுகள் கிடக்கலாம். வட்டின் காந்தம் ஆண்டுக்கு ஆண்டு தளர்ந்துகொண்டிருக்கிறது. யூ.எஸ்.பி.யில் செருகும் வட்டு இயக்கி இன்னும் இயங்கலையில் வாங்கலாம். எழுத்தை மாற்றித் தரும் செயலிகளும் உண்டு. ஆனால் எந்த எழுத்துருவில் அடித்தது என்பது தெரிய வேண்டும். அதை அடித்த தட்டச்சாளரையோ செயலாளரையோ இப்போதே கேட்டு, வட்டின் மேல் எழுதி வையுங்கள். திறந்ததும் முக்கால் குறி வந்தால் பயந்து அழித்துவிடாதீர்கள். அது 'தமிழ்' என்பதன் முதல் எழுத்தாக இருக்கலாம்.