கொலை வீட்டு நர்ஸுகள்

உடம்பில் தெம்பு இருந்தது. துப்பாக்கி தூக்க ஆசையும் இருந்தது. ஆனால் வாயைத் திறந்தால்... வரிசையாகச் சொத்தை!

முதல் உலகப் போருக்கு ஆள் எடுத்தபோது நியூஸிலாந்து ராணுவத்துக்கு இதுதான் பெரிய தலைவலி. வேறு வழியில்லாமல் 1915-ல் பல் மருத்துவர்களுக்கென்றே ஒரு ராணுவப் பிரிவு அமைத்தார்கள். தலைமை தாமஸ் ஹன்டர்.

பள்ளிக்கூட வயதிலேயே பல்லைக் கவனித்துவிட்டால் இந்த அவஸ்தையே இல்லை என்பது ஹன்டரின் கட்சி. சரி, அத்தனை டாக்டர்களுக்கு எங்கே போவது? ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஃபீஸ் யார் கட்டுவது?

ஹன்டர் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். 1921-ல் வெலிங்டனில் சுமார் முப்பது இளம்பெண்களுக்கு இரண்டு வருடப் பயிற்சி தொடங்கியது. சொத்தையை அடைப்பது, பால் பல்லைப் பிடுங்குவது, ஒழுங்காகப் பல் துலக்கச் சொல்லித் தருவது... இவ்வளவுதான் பாடம். 'டாக்டர் வேலையை நர்ஸ் செய்வதா?' என்று டாக்டர்கள் சிலர் கொதித்தார்கள். ஆனாலும் பள்ளி வளாகத்திலேயே கிளினிக்குகள் முளைத்தன. தையல் மிஷின் மாதிரி காலால் மிதித்து ஓட்டும் டிரில்! பிள்ளைகள் அந்த கிளினிக்குக்கு வைத்த பெயர், 'கொலை வீடு'.

கொலை வீடு என்ன சாதித்தது? ஆரம்பத்தில் நூறு பல்லை அடைத்தால், கூடவே எழுபதுக்கும் மேல் பிடுங்க வேண்டியிருந்தது. 1970-களில் அது இரண்டு, மூன்றாகக் குறைந்துவிட்டது.

1949-ல் மலேயாவின் பினாங்கு இதே பாணியில் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அதே வருடம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸும் சோதனை முயற்சியாகச் சட்டம் போட்டது. பல் டாக்டர்கள் கொடுத்த நெருக்கடியில் 1950-லேயே சட்டம் ரத்து!

அப்புறம் அரை நூற்றாண்டு. அலாஸ்காவில், குட்டி விமானம் போனால்தான் உண்டு என்கிற பழங்குடிக் கிராமங்கள். அங்கிருந்து 2003-ல் சிலரை நியூஸிலாந்துக்கே அனுப்பிப் படிக்க வைத்தார்கள். அவர்கள் வேலையைத் தொடங்கியதும் அமெரிக்க பல் மருத்துவர் சங்கம் 2006-ல் கோர்ட்டுக்குப் போனது. 2007-ல் தீர்ப்பு பயிற்சி பெற்றவர்கள் பக்கம்!

'முழு டாக்டர் இல்லாதவர் கையில் குழந்தையின் பல்லைக் கொடுக்கலாமா?' நியாயமான கேள்விதான். ஆனால், டாக்டரே எட்டிப் பார்க்காத ஊரில் வேறு யார் கையில் கொடுப்பது? 1950-ல் பதில் சொல்லாமலே கதவைச் சாத்தினார்கள். வலியைப் பொறுத்துக்கொண்டது, வெளியே நின்ற பிள்ளைகள்.