மூடுபனிக்கு மேலே: சொனோமா கடற்கரை ஒயினும் அதன் எல்லைக்கோடும்

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, பசிபிக் பெருங்கடலை ஒட்டிக் கிடக்கும் சொனோமா மாவட்டத்தின் மேற்கு விளிம்பு, இன்று உலகின் குறிப்பிடத்தக்க குளிர்மண்டல ஒயின் நிலங்களில் ஒன்றாக மதிக்கப்படுகிறது. பிரான்சின் பர்கண்டி நிலத்திலிருந்து பரவிய பினோ நுவார் என்னும் கருந்திராட்சையும் ஷார்டொனே என்னும் வெண்திராட்சையும் இங்கு முதன்மை பெற்றுள்ளன. இந்த மதிப்பு உருவானது 1980க்குப் பிந்தைய காலத்தில்தான் என்றாலும், இக்கரையில் திராட்சை நடப்பட்டு 200 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இடைப்பட்ட நீண்ட மௌனத்துக்கான காரணமும், அம்மௌனம் கலைந்தபின் 'சொனோமா கடற்கரை' என்ற பெயர் எந்த நிலத்தைக் குறிக்க வேண்டும் என்பது குறித்து எழுந்த வழக்கும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன. இந்நிலத்தின் எல்லையை முதலில் வகுத்தது வணிகத் தேவையே. இயற்கை வகுத்திருந்த எல்லையைச் சட்டம் ஏற்றுக்கொள்வதற்கு மேலும் 35 ஆண்டுகள் பிடித்தன.

ஐரோப்பியர் வருகைக்கு முன் இக்கடற்கரை கஷாயா போமோ மக்களின் வாழிடமாக இருந்தது. அவர்களது மெத்தினி என்னும் ஊரையொட்டி, 1812இல் இவான் குஸ்கோவ் தலைமையில் வந்த ரஷ்ய-அமெரிக்க நிறுவனத்தார் ராஸ் கோட்டையை எழுப்பினர். கடல் நீர்நாய்களின் தோலுக்காக அவற்றை வேட்டையாடுவதும், உணவுக்குத் திண்டாடிய அலாஸ்காவின் ரஷ்யக் குடியிருப்புகளுக்குத் தானியம் விளைவித்து அனுப்புவதும் அவர்களது நோக்கங்கள். 1817இல் பெரு நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட திராட்சைக் கொடிகள் கோட்டையருகே நடப்பட்டன. சொனோமா மாவட்டத்தின் முதல் திராட்சை நடவு என்று பொதுவாகக் கொள்ளப்படுவது இதுவே. ஆனால் கோட்டை நின்ற கடலோர மேடையைக் கோடை முழுவதும் மூடிக்கிடந்த பனி, கோதுமைத் தாளில் துருநோயைப் பரப்பி விளைச்சலைக் கெடுத்தது. எனவே ரஷ்யர்கள் தங்கள் பண்ணைகளை மெல்ல மெல்ல உள்நாட்டுக்கு நகர்த்தினர். 1830களில் யெகோர் செர்னிக் என்னும் வேளாண் வல்லுநர் இன்றைய ஆக்ஸிடென்டல், கிரேட்டன் ஊர்களுக்கு இடைப்பட்ட பள்ளத்தாக்கில் அமைத்த பண்ணையிலும் திராட்சை இருந்தது. 1841இல் கோட்டை ஜான் சட்டருக்கு விற்கப்பட்டதோடு ரஷ்யர் காலம் முடிந்தது. பனி விழும் கடலோரத்தில் பயிர் தேறாது என்ற அவர்களது பட்டறிவு, நூறாண்டுகளுக்கும் மேலாக யாராலும் மறுக்கப்படாமல் நிலைத்துவிட்டது.

அடுத்த நூற்றாண்டுக்கும் மேலாகச் சொனோமாவின் ஒயின் தொழில் வெயில் மிகுந்த உட்பள்ளத்தாக்குகளில் வளர்ந்தது. மேற்கு மலைகளில் ரெட்வுட் மரங்கள் வெட்டப்பட்டன, வெட்டிய சரிவுகளில் ஆடுகள் மேய்ந்தன, செபாஸ்டபோலைச் சுற்றிலும் கிராவென்ஸ்டைன் ஆப்பிள் விளைந்தது. 1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்கு, எஞ்சியிருந்த சிறு தோட்டங்களையும் நலிவடையச் செய்தது.

கடற்கரை புறக்கணிக்கப்பட்டதற்கு அறிவியலின் பெயராலும் ஒரு காரணம் கிடைத்தது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேனார்ட் அமெரின், ஆல்பர்ட் விங்க்ளர் ஆகியோர் 1944இல் வெளியிட்ட ஆய்வில், மாநிலத்தின் திராட்சை நிலங்களை வெப்பத்தின் அடிப்படையில் ஐந்து மண்டலங்களாகப் பகுத்தனர். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையும் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டை எவ்வளவு மிஞ்சுகிறது என்று கணக்கிட்டு, அவற்றைக் கூட்டிப் பெறும் எண்ணே இப்பகுப்பின் அளவுகோல். அக்கூட்டுத்தொகை 2,500க்கு மேற்படாத நிலம் முதல் மண்டலம், அதாவது மிகக் குளிர்ந்த மண்டலம். இந்த அளவுகோல் தெளிவானது, பயன் மிக்கது. ஆயினும் ஒரு கரையின் வெப்பத்தை அதன் தாழ்நிலத்தில் அளந்து, அதே முடிவை இரண்டு மைலுக்கு அப்பால் உயர்ந்து நிற்கும் மலைமுகட்டுக்கும் பொருத்துவது பிழை என்பதைப் பிற்கால நடவுகள் மெய்ப்பித்தன.

இதை விளங்கிக்கொள்ள இக்கரையின் பனி எவ்வாறு உருவாகிறது என்பதை அறிதல் வேண்டும். வசந்தத்திலும் கோடையிலும் வடமேற்கிலிருந்து வீசும் காற்று கடலின் மேற்பரப்பு நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ளுவதால், ஆழத்திலுள்ள குளிர்ந்த நீர் மேலெழுகிறது. அந்நீரின் மேல் தவழும் ஈரக்காற்று குளிர்ந்து மூடுபனியாகிறது. அதே வேளையில் மாநிலத்தின் நடுப்பள்ளத்தாக்கு வெயிலில் காய்ந்து, அங்குள்ள காற்று சூடாகி மேலே கிளம்புவதால், அந்த வெற்றிடத்தை நிரப்பக் கடற்காற்று பனியோடு உள்ளே இழுக்கப்படுகிறது. இப்பனிக்கு மேல் உயரழுத்தக் காற்று இறங்கி வெப்பமடைந்து படர்ந்திருப்பதால், பனியால் ஓர் உயரத்துக்கு மேல் எழ முடிவதில்லை. உயரம் கூடக்கூடக் குளிர வேண்டிய காற்று இங்கே சூடாக இருக்கும் இந்நிலையை வானிலையியலார் வெப்பத் தலைகீழ்மாற்றம் என்பர். சொனோமாவின் கரையில் பனியின் மேல்விளிம்பு பெரும்பாலும் 900 அடியை ஒட்டி நிற்கிறது. ஆகவே 1,200 அடி அல்லது 1,500 அடி உயர முகட்டில் நிற்கும் கொடி, கீழே கோட்டையைப் பனி மூடியிருக்கும் காலையிலும் வெயிலைப் பெறுகிறது. கடல் அருகில் இருப்பதால் பகலில் வெப்பம் அளவு கடப்பதில்லை. பனிக்கு மேலே இருப்பதால் இரவில் கடுங்குளிரும் தாக்குவதில்லை. ரஷ்யர்கள் கண்டது உண்மைதான். அவர்கள் கண்டது பனிக்குக் கீழிருந்த நிலத்தை மட்டுமே.

இந்த வேறுபாட்டை முதலில் செயலில் காட்டியவர்கள் ஆய்வாளர்களோ பெருநிறுவனங்களோ அல்லர். 1970களின் தொடக்கத்தில் போஹன் குடும்பத்தினர் தங்கள் ஆட்டுப்பண்ணை முகட்டில் திராட்சை நட்டனர். 1978இல் டேவிட் ஹிர்ஷ், ஆடு மேய்ந்தும் மரம் வெட்டியும் தேய்ந்துபோன சுமார் 1,100 ஏக்கர் நிலத்தை வாங்கி, சாண்டா குரூஸைச் சேர்ந்த நண்பர் ஜிம் போரிகார்டின் யோசனைப்படி 1980இல் பினோ நுவார் நட்டார். சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவு மிக அருகில் ஓடுவதால், அந்நிலத்தில் சில அடிக்கு ஒருமுறை மண் மாறுகிறது. கடலடியில் படிந்து, நசுங்கி, கலந்து மேலெழுந்த பாறைக்கலவை அது. 1994இல் வில்லியம்ஸ் செல்யெம், கிஸ்ட்லர், லிட்டோராய் ஆகிய மூன்று ஒயின் இல்லங்கள் ஹிர்ஷின் திராட்சையை வாங்கத் தொடங்கி, தோட்டத்தின் பெயரையே புட்டியின் சீட்டில் அச்சிட்டபோதுதான் இம்முகடு பரவலாக அறியப்பட்டது. வால்ட், ஜோன் ஃபிளவர்ஸ் தம்பதியரும், மார்கஸின் தோட்டத்தை அமைத்த ஹெலன் டர்லியும் 1991ஐ ஒட்டி அருகிலேயே நட்டிருந்தனர். எந்த வழிகாட்டி நூலும் பரிந்துரைக்காத மலையில், சாலை வசதியும் அரிதான நிலையில் இவர்கள் செய்த பணி, இப்பகுதியின் வரலாற்றில் முதலிடம் பெறத்தக்கது.

இதற்கிடையில் 1987இல் 'சொனோமா கடற்கரை' என்ற பெயர் சட்ட ஏற்புப் பெற்றுவிட்டது. அமெரிக்காவில் ஒரு திராட்சை நிலத்தின் எல்லையை நடுவண் அரசு வரையறுத்து அறிவிக்கும் முறை அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே நடைமுறைக்கு வந்திருந்தது. பிரான்சில் உள்ளதுபோல் இன்ன திராட்சையை இன்ன அளவில்தான் விளைவிக்க வேண்டும் என்று இம்முறை கட்டளையிடுவதில்லை. சீட்டில் ஒரு நிலத்தின் பெயரைப் போட வேண்டுமானால் திராட்சையில் 85 விழுக்காடாவது அங்கே விளைந்திருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். இத்துடன் இன்னொரு விதியும் இருந்தது. 'சொந்தத் தோட்டத்தில் விளைந்து சொந்த இல்லத்தில் அடைக்கப்பட்டது' என்று பொருள்படும் தொடரைச் சீட்டில் அச்சிட, தோட்டமும் ஒயின் இல்லமும் ஒரே அறிவிக்கப்பட்ட எல்லைக்குள் இருந்தாக வேண்டும். சொனோமா-கட்ரர் என்னும் நிறுவனத்தின் தோட்டங்கள் ரஷ்யன் ஆற்றுப் பள்ளத்தாக்கு முதல் தெற்கே சான் பாப்லோ வளைகுடாப் பக்கம் வரை சிதறிக் கிடந்தன. அவை அனைத்தையும் ஒரே பெயரின்கீழ் கொண்டுவரும் பரந்த எல்லையை அந்நிறுவனமே முன்மொழிந்தது, அரசும் ஏற்றது.

விளைவாக, ஏறத்தாழ 5 லட்சம் ஏக்கர் பரப்புக்கு, வடக்கே மெண்டோசினோ மாவட்ட எல்லையிலிருந்து தெற்கே சான் பாப்லோ வளைகுடா வரை, கடலைக் கண்ணால் காண இயலாத உட்பகுதிகளையும் சேர்த்து, கடற்கரை என்ற பெயர் சூட்டப்பட்டது. கடற்காற்றின் தாக்கம் உள்ள நிலங்கள் என்ற பொதுத்தன்மை அவற்றுக்கு உண்டு என்று வாதிடப்பட்டது. அவ்வாதத்தில் ஓரளவு உண்மையும் உண்டு. எனினும் 1,500 அடி முகட்டில் விளைந்த பினோ நுவாரும் சமவெளியில் இயந்திரத்தால் அறுவடையாகும் ஷார்டொனேயும் ஒரே பெயரில் விற்கப்படுவதை நிலவியல் வகைப்பாடு என்று ஏற்க இயலாது. வாங்குபவருக்கு அப்பெயர் எதையும் உறுதிப்படுத்தவில்லை.

மேற்குக் கரையினர் தங்களது நிலத்தை 'உண்மையான சொனோமா கடற்கரை' என்று தனித்துக் குறிப்பிடத் தொடங்கியது இதனால்தான். சட்டத்தின் வழியில் முதல் திருத்தம் 2012 ஜனவரியில் 'ஃபோர்ட் ராஸ்-சீவியூ' என்ற பெயரில் வந்தது. சுமார் 27,500 ஏக்கர் கொண்ட இச்சிறு எல்லை பெரிதும் 920 அடிக்கு மேற்பட்ட முகடுகளையே உள்ளடக்கியது. கடலிலிருந்து எத்தனை மைல் என்று கேட்பதை விட்டு, பனிக்கு மேலா கீழா என்று கேட்ட எல்லை இது. 2018இல் நடைமுறைக்கு வந்த 'பெட்டலூமா கேப்' எல்லையோ, மலைத்தொடரின் இடைவெளி வழியே பாயும் கடற்காற்றின் வேகத்தை அடிப்படையாகக் கொண்டது. இறுதியாக 2022இல் 'மேற்கு சொனோமா கடற்கரை' அறிவிக்கப்பட்டது. இதன் பரப்பு ஏறத்தாழ 1,41,800 ஏக்கர். திராட்சை நடப்பட்டிருந்ததோ சுமார் 1,000 ஏக்கரில் மட்டுமே. புவியியலாளர் பேட்ரிக் ஷாப்ரம் இம்மூன்று எல்லைகளுக்கான விண்ணப்பங்களிலும் பணியாற்றியவர் என்பது குறிப்பிடத்தக்கது.

மேற்கு சொனோமா கடற்கரைக்குள்ளும் ஒயின் ஒரே தன்மையுடையதன்று. பனிக்கு மேலுள்ள முகடுகளில் வெயில் நிறைவாகக் கிடைப்பதால் பழத்தோல் தடித்து, நிறமும் துவர்ப்பும் உறுதிப்பட்ட ஒயின் கிடைக்கிறது. தெற்கே ஃபிரீஸ்டோன், ஆக்ஸிடென்டல் பகுதிகளின் தோட்டங்கள் பனிக்குள்ளேயே நிற்பவை. கோல்ட்ரிட்ஜ் எனப்படும், நீர் எளிதில் வடியும் நுண்மணற்பாங்கான மண் அங்கே மிகுதி. வெப்பம் குறைந்த இடத்தில் பழத்தின் மாலிக் அமிலம் விரைந்து சிதைவதில்லை. ஆகவே அங்கு விளையும் ஒயின் மெலிந்த நிறமும், கூர்மையான புளிப்பும், குறைந்த மதுச்செறிவும் உடையது. இரண்டிடத்திலும் விளைச்சல் குறைவு. பூக்கும் பருவத்தில் மழையோ குளிர்காற்றோ தாக்கினால் பூ பிஞ்சாகாமல் உதிர்ந்து, அந்த ஆண்டின் அறுவடையில் பெரும்பகுதி இல்லாமற்போவது இங்கு அரிதன்று.

புகழ் வந்தபின் நிலத்துக்கு நேர்ந்த நெருக்கடியையும் பதிவு செய்தாக வேண்டும். அன்னாபோலிஸ் ஊர்ப்பகுதியில் காட்டை அழித்துத் தோட்டமாக்கும் திட்டங்கள் சூழலியலாளர், கஷாயா மக்கள் ஆகியோரின் எதிர்ப்பைச் சந்தித்தன. அவற்றுள் மிகப் பெரிய திட்டத்துக்குரிய சுமார் 20,000 ஏக்கர் நிலத்தை 2013இல் கன்சர்வேஷன் ஃபண்ட் என்னும் பாதுகாப்பு அமைப்பு வாங்கிக் காடாகவே காத்தது. கஷாயா மக்களுக்குக் கடலோரத்தில் ஏறத்தாழ 700 ஏக்கர் நிலம் மீண்டதும் இக்காலத்தில்தான். மண் எவ்வளவு சிறந்ததாயினும் எஞ்சிய ரெட்வுட் காட்டைவிடத் திராட்சைக்கு உரிமை அதிகம் என்று கூற இடமில்லை. இந்த வகையில் தோட்டப் பரப்பு சிறிதாகவே நின்றது நன்மையே. நெருக்கடி வேறு வடிவிலும் வந்தது: 2020 ஆகஸ்டில் மூண்ட காட்டுத்தீயின் புகை பழத்தில் படிந்ததால், பல ஒயின் இல்லங்கள் அவ்வாண்டு பினோ நுவார் வெளியிடுவதையே கைவிட்டன.

1987ஆம் ஆண்டின் எல்லை இன்றும் நீக்கப்படவில்லை. 'சொனோமா கடற்கரை' என்று மட்டும் அச்சிட்ட புட்டியில் உள்ள ஒயின், கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே விளைந்ததாகவும் இருக்கலாம். பனியையும் முகட்டையும் பொருட்படுத்தி வரையப்பட்ட நிலத்தின் ஒயினை நாடுபவர், 'மேற்கு சொனோமா கடற்கரை' அல்லது 'ஃபோர்ட் ராஸ்-சீவியூ' என்ற பெயர் சீட்டில் உள்ளதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.