பேஷண்ட் குணமானாரா? ஒரு நூறு வருஷத்துக் கேள்வி

1/
தினமும் வார்டுல இருந்து டிஸ்சார்ஜ் எழுதுறேன். கடைசி வரி எல்லாருக்கும் ஒண்ணுதான்: "ஒரு வாரம் கழித்து ஓ.பி.யில் காட்டவும்." பல பேர் வர்றதில்லை. குணமாயிட்டதால வரலையா, ஒரு நாள் கூலி போயிடும்னு வரலையா, இல்ல இறந்துட்டாரா? வைத்தியம் பார்த்த எனக்கே தெரியாது.

2/
இந்தக் கேள்வியை நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு சர்ஜன் சத்தமா கேட்டார். அவருக்குப் பதவி போச்சு. இன்னைக்கு அதே கேள்வியை வச்சு அமெரிக்க அரசு ஆஸ்பத்திரிகளுக்குப் பணத்தைக் கூட்டுது, குறைக்குது. 'வேல்யூ பேஸ்டு கேர்'னு பேர். அதாவது செஞ்ச வேலைக்கு இல்ல, கிடைச்ச பலனுக்குப் பணம். இந்த த்ரெட் அந்தக் கதைதான். நீளம், பொறுமையா படிங்க.

3/
அவர் பேர் எர்னஸ்ட் காட்மன். பிறப்பு 1869. பாஸ்டன்ல மாசசூசெட்ஸ் ஜெனரல் ஹாஸ்பிடல் சர்ஜன். அவரோட யோசனை ரொம்ப எளிமை. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கார்டு போடு. வீட்டுக்கு அனுப்பினதோட விடாதே, பலன் தெரியுற வரைக்கும் தொடர்ந்து பாரு. குணமானாரா? ஆகலைன்னா ஏன்? தப்பு நோயிலயா, சர்ஜன் கையிலயா, ஆஸ்பத்திரி ஏற்பாட்டிலயா?

4/
அங்கே அப்போ சீனியாரிட்டிதான் எல்லாம். "வருஷத்தைப் பார்க்காதீங்க, ஆபரேஷன் பண்ணினவங்க எப்படி இருக்காங்கன்னு பார்த்து பதவி கொடுங்க"ன்னார் காட்மன். யாரும் கேட்கலை. 1914ல் ராஜினாமா பண்ணினார். அதுக்கு முன்னாடியே, 1911ல், சொந்தமா ஒரு சின்ன ஆஸ்பத்திரி தொடங்கியிருந்தார்.

5/
1911 முதல் 1916 வரை அங்கிருந்து டிஸ்சார்ஜ் ஆனவங்க 337 பேர். அதுல 123 தவறுகள் நடந்ததா அவரே எழுதி, அச்சடிச்சு வெளியிட்டார். தன் கை தவறினதையும் சேர்த்து. நம்மள்ல எத்தனை பேருக்கு அந்தத் தைரியம் வரும்? எனக்கு வராது, ஒத்துக்கிறேன்.

6/
1915 ஜனவரி. பாஸ்டன் டாக்டர்கள் கூட்டத்துல ஒரு பெரிய கார்ட்டூனைத் திறந்து வச்சார். ஊர்ப் பணக்காரர்கள் ஒரு நெருப்புக்கோழி. தலை மண்ணுக்குள்ள. பின்னாடி பொன்முட்டைகளை டாக்டர்கள் பக்கம் உதைச்சுத் தள்ளுது. தலையைத் தூக்கி உண்மையைப் பார்த்துட்டா முட்டை வருமா? கூட்டம் கொந்தளிச்சது. மருத்துவச் சங்கத்துல அவர் வகித்த தலைமைப் பொறுப்பு போச்சு. ஹார்வர்டு பதவியும் போச்சு.

7/
ஆனா யோசனை சாகலை. 1913ல் தொடங்கின அமெரிக்கன் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் ஆஸ்பத்திரிகளை ஆய்வு பண்ணுச்சு. 100 படுக்கைக்கு மேல உள்ள 692 ஆஸ்பத்திரிகள். குறைந்தபட்சத் தரத்தைத் தொட்டது வெறும் 89. தேறாத பட்டியல்ல பெரிய பேரெல்லாம் இருந்தது. 1919ல், பட்டியல் பத்திரிகைக்காரங்க கையில சிக்கிடக் கூடாதுன்னு நியூயார்க் ஹோட்டல் உலைல போட்டு எரிச்சாங்க. எண்ணிக்கை மட்டும் வெளியே வந்தது.

8/
காட்மன் 1940ல் இறந்தார். கல்லறைக்கு ஒரு கல் கூட இல்லை. 2014லதான் சர்ஜன்கள் சங்கங்கள் சேர்ந்து கல் வச்சாங்க.

இது வரைக்கும் கதைல நோயாளி இருக்கார், பணம் பெருசா இல்லை. இனிமேல் பணம் வருது.

9/
1965 ஜூலை 30. ஜனாதிபதி ஜான்சன் மெடிகேர் சட்டத்துல கையெழுத்துப் போட்டார். 65 வயசு தாண்டினவங்களுக்கு அரசு மருத்துவக் காப்பீடு. டாக்டர்கள் சங்கம் பல வருஷமா எதிர்த்த திட்டம். அதனால ஆஸ்பத்திரிகளையும் டாக்டர்களையும் சமாதானப்படுத்துற மாதிரி பணம் தர ஒத்துக்கிட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு ஆன நியாயமான செலவு அப்படியே. டாக்டருக்கு அந்த ஊர்ல வழக்கமான ஃபீஸ்.

10/
என்ன ஆகும்னு யோசிங்க. பத்து நாள் படுக்க வச்சா பத்து நாள் காசு. புது மெஷின் வாங்கினா அதுக்கும் காசு. இதுக்கு யாரும் திருடனா இருக்கத் தேவையில்லை. நல்ல டாக்டர் கூட "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகட்டுமே"ம்பார். செலவு ஏறிக்கிட்டே போச்சு.

11/
அதே காலத்துல யேல் பல்கலைக்கழகத்துல ரெண்டு பேர். ராபர்ட் ஃபெட்டர் நிர்வாகவியல் ஆள். ஜான் தாம்சன் நர்ஸா இருந்து ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு வந்தவர். ஒரே மாதிரி நோயாளிகளை ஒரே குழுவா பிரிச்சாங்க. டி.ஆர்.ஜி.ன்னு சொல்வாங்க. ஆஸ்பத்திரி வேலையை அளந்து ஒப்பிட்டுப் பார்க்கத்தான் முதல்ல செஞ்சாங்க, பில் போட இல்ல.

12/
1983ல் அரசு அதை எடுத்து பில்லுக்கு வச்சது. நோய்க்கு இவ்வளவு, அவ்வளவுதான். எத்தனை நாள் வச்சிருந்தாலும் ஏறக்குறைய அதே தொகை. ஒரே சட்டத்துல லாப நஷ்டம் தலைகீழ். நேத்து வரைக்கும் படுக்கைல இருந்த நோயாளி வரவு, இன்னைக்கு அவரே செலவு. படுக்கை நாட்கள் சட்டுனு குறைஞ்சது. சீக்கிரமா, இன்னும் சுகமாகாமலே வீட்டுக்கு அனுப்புறாங்கன்னு ஒரு பேச்சும் கிளம்புச்சு.

13/
அப்போ தரத்தை யார் பார்க்கிறது? 1999ல் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் ஒரு அறிக்கை விட்டது. ஆஸ்பத்திரித் தவறுகளால அமெரிக்காவில் வருஷத்துக்கு 44,000 முதல் 98,000 பேர் சாகிறாங்கன்னு மதிப்பீடு. நாடே அதிர்ந்தது. 2006ல் மைக்கேல் போர்ட்டரும் எலிசபெத் டீஸ்பெர்க்கும் புத்தகம் எழுதினாங்க. அதுல வேல்யூன்னா, செலவழிச்ச ஒவ்வொரு டாலருக்கும் நோயாளிக்குக் கிடைச்ச ஆரோக்கியம். அந்தச் சொல் பிடிச்சுக்கிச்சு.

14/
2008 அக்டோபர்ல இருந்து, ஆஸ்பத்திரிலயே வந்த படுக்கைப் புண், கத்தீட்டரால வந்த இன்ஃபெக்‌ஷன், வயித்துக்குள்ள மறந்து வச்ச பொருள், இதுக்கெல்லாம் மெடிகேர் கூடுதல் பணம் தராது. 2010ல் ஒபாமாவின் சட்டம். 2012 அக்டோபர்ல அடுத்த படி: மாரடைப்பு, ஹார்ட் ஃபெயிலியர், நிமோனியா நோயாளிகள் 30 நாளைக்குள்ள எதிர்பார்த்ததை விட அதிகமா திரும்ப அட்மிட் ஆனா ஆஸ்பத்திரிக்கு அபராதம். முதல்ல 1%, அப்புறம் 3% வரைக்கும்.

15/
கேட்க எவ்வளவு நியாயமா இருக்கு! ஆனா வார்டுல நிக்கிறவங்களுக்குத் தெரியும். ஹார்ட் ஃபெயிலியர் பாட்டி ஏன் திரும்ப வர்றாங்க? மாத்திரை தீர்ந்து போச்சு. ஊறுகாயும் கருவாடும்தான் சாப்பாட்டுக்குத் துணை. பார்த்துக்க ஆளில்லை. அமெரிக்காவிலும் அதேதான், ஊறுகாய்க்குப் பதில் டின் சூப். ஏழைகளை அதிகம் பார்க்கிற ஆஸ்பத்திரிகளே அதிகம் அபராதம் கட்டின. 2016ல் சட்டத்தைத் திருத்தி, ஏழை நோயாளிகள் அளவுல ஒத்த ஆஸ்பத்திரிகளோட மட்டும் ஒப்பிடச் சொன்னாங்க.

16/
ரீஅட்மிஷன் குறைஞ்சதா? குறைஞ்சது. ஆனா ஒரு பகுதி, திரும்பி வந்தவரை அட்மிஷன் போடாம 'அப்சர்வேஷன்'ல வச்சதும்தான். 2018ல் வந்த ஒரு ஆய்வு, இந்தத் திட்டக் காலத்துல ஹார்ட் ஃபெயிலியர், நிமோனியா நோயாளிகள் டிஸ்சார்ஜ் ஆனபிறகு 30 நாளைக்குள் இறக்குறது கூடியிருக்குன்னு சொன்னது. திட்டத்தால இல்லைன்னு வேற ஆய்வாளர்கள் மறுத்தாங்க. அந்தச் சண்டை ஓயலை.

17/
எனக்குப் புரிஞ்சது இதுதான். காட்மன் தன் 123 தவறை எழுத முடிஞ்சதுக்கு ஒரு காரணம், ஆஸ்பத்திரி அவருடையது. ஒவ்வொரு தவறுக்கும் மேலே இருந்து யாரோ சம்பளத்தைப் பிடிப்பாங்கன்னா 123ம் கார்டுல வந்திருக்குமா? பலனை அளக்காம இருந்தா நோயாளி காணாமப் போறார். அளவைக் காசோட இறுக்கிக் கட்டினா உண்மை காணாமப் போகுது.

18/
நம்ம ஊருக்கு வருவோம். 2009ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், இப்போ முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம். பல குடும்பங்களைக் கடன்ல இருந்து காப்பாத்தின திட்டம், அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா அடிப்படைல 1983ஓட சொந்தக்காரன். ஆபரேஷனுக்கு ஒரு பேக்கேஜ். ஒரு வருஷம் கழிச்சு அவர் நடக்கிறாரான்னு பார்த்துப் பணம் வர்றதில்லை.

19/
ஆனா காட்மன் கேள்வியை நாமளும் ஒரு இடத்துல கேட்கிறோம். தாய் இறப்பு ஆய்வு. பிரசவத்துல ஒரு பெண் இறந்தா, எப்போ வந்தாங்க, யார் பார்த்தாங்க, ரத்தம் இருந்ததா, ஆம்புலன்ஸ் எப்போ கிளம்புச்சு, எல்லாம் கேட்கிறோம். வீட்டுக்காரங்ககிட்டயும் கேட்கிறோம். தாய் இறப்பு விகிதம் குறைவான மாநிலங்கள்ல நாம இருக்கிறதுக்கு இதுக்கும் பங்கு இருக்கு. அதே கூட்டம் 'யார் தலை உருளும்'னு ஆகிற அன்னைக்கு, கேஸ் ஷீட் அழகாகும், உண்மை குறையும். சிக்கலான கேஸை மேலே ரெஃபர் பண்ணித் தள்ளிவிடத் தோணும்.

20/
இதையெல்லாம் படிச்சதுக்கப்புறம் எங்க வார்டுல ஒரு நோட்டு போட்டோம். ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிகள் போன் நம்பர் மட்டும். முப்பதாவது நாள் சிஸ்டரோ ஹவுஸ் சர்ஜனோ நானோ கூப்பிடுவோம். சில நம்பர் எடுக்காது. சில நேரம் மகன் எடுத்து "அப்பா போயிட்டாருங்க டாக்டர்"ம்பார். அதையும் எழுதுறோம். 'ஏன்'னு ஒரு காலம் இருக்கு. அடிக்கடி விழுற பதில், மாத்திரை தீர்ந்துடுச்சு.

இப்போ டிஸ்சார்ஜ்ல, ஊர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல எந்த மாத்திரை கிடைக்கும்னு கேட்டுட்டுத்தான் எழுதுறேன். இந்த நோட்டை வச்சு யாருக்கும் அபராதம் கிடையாது.