2014 மார்ச் 27: சாக்கடையிலிருந்து இரண்டு செய்திகள்

2014 மார்ச் 27 அன்று, இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பிராந்தியம் போலியோ இல்லாத பகுதி என உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதே நாளில், சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் 2003இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1993 முதல் சாக்கடையிலும் மலக்குழியிலும் இறந்த எல்லோரையும் கண்டறிந்து, ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்றது. முதல் செய்தியைத்தான் நாடு கொண்டாடியது. ஆனால் இரண்டும் ஒரே சாக்கடையிலிருந்து வந்தவை.

போலியோ தொற்றுவோரில் சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் கைகால் முடங்கும். மற்றவர்களில் பெரும்பாலோருக்குத் தொற்றியதே தெரியாது; ஆனாலும் அவர்கள் மலத்தில் வைரஸ் வாரக்கணக்கில் வெளியேறும். ஆகவே, நோயாளி மருத்துவமனைக்கு வருமுன்பே ஊர்க் கழிவுநீர் உண்மையைச் சொல்லிவிடும். 1939இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் போலியோ பரவியபோது, யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் பால், ஜேம்ஸ் டிராஸ்க் ஆகியோர் அங்குள்ள கழிவுநீரைக் குரங்குகளுக்குச் செலுத்திப் பார்த்து, அதில் வைரஸ் இருப்பதை நிறுவினார்கள்.

இந்தியாவில் இந்தக் கண்காணிப்பு 2001இல் மும்பையில் தொடங்கியது. குடிசைப் பகுதிகளின் கழிவுநீர் தொடர்ந்து ஆய்வகத்துக்குப் போனது. நாட்டின் கடைசி போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் பதிவானது. அதன்பின் கழிவுநீரிலும் அந்த இயற்கை வைரஸ் இல்லை என்பது சான்றிதழுக்கு வலுச் சேர்த்தது. கொரோனா காலத்தில் உலகின் பல நகரங்கள் இதே வழியைப் பின்பற்றின.

இது நல்ல அறிவியல்; நமக்கு வேண்டிய அறிவியல். கவனியுங்கள்: மாதிரி எடுக்க யாரும் குழிக்குள் இறங்க வேண்டியதில்லை. மேலே நின்று, கயிற்றில் கட்டிய வாளியை இறக்கினால் போதும். கண்ணுக்குத் தெரியாத வைரஸை ஒரு லிட்டர் கழிவுநீரில் தேடிக் கண்டுபிடித்த அரசுக்கு, அதே குழியில் மாண்டவர்களைத் தேடச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. காரணம் தொழில்நுட்பக் குறை அல்ல, சாதி.

கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டங்கள் 1993இலும் 2013இலும் வந்தன. ஆயினும் 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்த நேர்ந்தது. மரணங்கள் நிற்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

தோழர்களே, உங்கள் நகரில் கழிவுநீர்ப் பரிசோதனை நடக்கிறது என்ற செய்தியைப் படித்தால் அத்தோடு விடாதீர்கள். அந்த நீரில் தினமும் வேலை செய்வோருக்குத் தடுப்பூசி போடப்பட்டதா, மருத்துவப் பரிசோதனை உண்டா, ஆய்வு முடிவு முதலில் அவர்களுக்குச் சொல்லப்படுகிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாநகராட்சியிடம் கேளுங்கள். பொதுச் சுகாதாரம் என்பதில் உள்ள ‘பொது’வுக்குள் அவர்களும் அடக்கம்.